வளர்ந்த பிள்ளைகளோடு நான்கு நாள் வெளிநாடு: சென்னைக் குடும்பங்களுக்கான சிக்கனத் திட்டம்

பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்துப் பயணத்தை முடிவு செய்துவிடலாம். மகள் வேலைக்குப் போய், மகனும் கல்லூரியின் இறுதியாண்டுக்கு வந்துவிட்ட வீட்டில், பணத்தைக்கூடப் புரட்டிவிடலாம்; நால்வருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைப்பதுதான் அரிது. எனவே எங்கே போவது என்ற பேச்சைச் சற்றுத் தள்ளிவைத்து, எப்போது போக முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். நாட்கள் உறுதியானால் ஊர் தானாகவே அமையும். ஊரை முதலில் பிடித்துக்கொண்டு நாட்களைத் தேடுகிறவர்கள், கடைசியில் கிடைத்த தேதிக்குக் கிடைத்த விலையைக் கொடுக்க நேரிடும்.

நாட்களைப் பிடிப்பது

மே மாதம், தீபாவளி வாரம், பொங்கல் விடுமுறை, கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான நாட்கள் ஆகியவற்றில் சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களில் கட்டணம் உச்சத்தில் இருக்கும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாத குடும்பத்திற்கு இந்த நாட்களில் போகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குக் கிடைக்கும் முதல் சலுகை இதுதான். மார்கழியில் கச்சேரி சீசனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பவர்கள் வீட்டில் இருந்தால் டிசம்பர் தானாகவே விலகிவிடும்.

ஆடி மாதம் என் முதல் பரிந்துரை. பள்ளிகள் திறந்திருக்கும், முகூர்த்த நாட்கள் இல்லாததால் உறவினர் வீட்டுக் கல்யாணம் எதுவும் குறுக்கே வராது, கல்லூரி மாணவர்களுக்கும் செமஸ்டர் தேர்வு வெகு தொலைவில் இருக்கும். அதற்கு அடுத்தபடியாக பிப்ரவரி இறுதியும் மார்ச் மாதமும் பொருத்தமானவை. நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் செமஸ்டர் தேர்வுகள் வருவதால், கால அட்டவணை வெளியாகும் முன் அந்த மாதங்களில் சீட்டு எடுப்பது வீண் துணிச்சல். அரியர் தேர்வு ஏதேனும் இருக்கிறதா என்பதையும் மகனிடம் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் கேட்காமல் அந்தச் செய்தி வெளியே வருவதில்லை.

வியாழக்கிழமை இரவு கிளம்பி, திங்கட்கிழமை இரவு திரும்புவது போல் வைத்துக்கொண்டால், வேலைக்குச் செல்பவர்களுக்கு வெள்ளி, திங்கள் என்று இரண்டு நாள் லீவு போதும். வெளியூரில் முழுதாக நான்கு பகல்கள் கிடைக்கும். ஐந்தாவது நாளைச் சேர்த்தால் செலவு கூடுவதோடு, ஒரே கூரையின் கீழ் நான்கு பெரியவர்கள் இருப்பதால் வரும் உரசலும் கூடும். முதல்முறை போகிற குடும்பத்திற்கு நான்கு நாள் சரியான அளவு.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

நான்கு நாளில் ஒரு பகலைக்கூடப் பயணத்தில் தொலைக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் நான்கு மணி நேரத்திற்குள்ளோ அதை ஒட்டியோ அடையக்கூடிய ஊர்களே மிஞ்சும். கொழும்பு ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவான தூரம். ஆனால் கண்டி, நுவரெலியா என்று மலைப்பக்கம் போகாமல் இலங்கைப் பயணம் நிறைவாக இருக்காது, போனாலோ சாலையிலேயே நாள் கழிந்துவிடும். யாழ்ப்பாணத்திற்குச் சென்னையிலிருந்து விமானமும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. பெரியவர்கள் அதை விரும்பக்கூடும், இருபது வயதுக்காரர்கள் விரும்புவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் எல்லா வகையிலும் வசதியான ஊர்தான் என்றாலும், இந்தியர்களுக்கு முன்கூட்டியே விசா தேவை. தங்கும் செலவும் கையைக் கடிக்கும். பாங்காக் மலிவானது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மாக்கள் அங்கே திண்டாடுவார்கள்.

இவற்றையெல்லாம் எடை போட்டால், முதல் பயணத்திற்குக் கோலாலம்பூரே என் தேர்வு. விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இந்தியச் சுற்றுலாப் பயணிகள் முப்பது நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்ற சலுகை 2023 டிசம்பரில் தொடங்கி, 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை என்பதால், சீட்டு எடுக்கும் அன்று மலேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் தமிழே துணைக்கு வரும். மூத்தவர்களுக்குக் கோயிலும், இளையவர்களுக்கு இரவுக் கடைவீதியும் ஒரே ஊரில் கிடைக்கும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் கோலாலம்பூரை வைத்தே சொல்லப்பட்டிருக்கின்றன. முறை மற்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

பாஸ்போர்ட்டும் பெயரும்

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். சிறுவயதில் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கோ பதினெட்டு வயது வரையிலோ, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். பீரோவில் பாஸ்போர்ட் இருக்கிறது என்ற நம்பிக்கையில் பலரும் அதன் தேதியைப் பார்ப்பதே இல்லை. ஊருக்குள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்கு அது செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுக்கான முப்பத்தாறு பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். தட்கலில் எடுத்தால் மேற்கொண்டு 2,000 ரூபாய். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் சேவா கேந்திரங்கள் உள்ளன. இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்தால், நால்வருக்கும் சேர்த்துத் தட்கலுக்குக் கொடுக்கும் பணத்தில் கோலாலம்பூரில் ஓர் இரவுத் தங்கலை முடித்துவிடலாம்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் மட்டும்தான். அதனால் ஒரே வீட்டில் அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராகவும், அம்மாவுடையதில் அப்பாவின் பெயரும், மகனுடையதில் அந்தக் கட்டம் காலியாகவும் இருப்பது சர்வசாதாரணம். விமானச் சீட்டு எடுக்கும் படிவமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் மேலே போகவிடாது. அவசரத்தில் இனிஷியலை மட்டும் போட்டுவிட்டால், விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு பெயர் ஒத்துப்போகாமல் வாக்குவாதம் வரும். ஒற்றைப் பெயர் உடையவர்களுக்கு எப்படி நிரப்ப வேண்டும் என்பதை ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் தளத்தில் சொல்லியிருக்கும். சிலர் அதே பெயரை இருமுறை எழுதச் சொல்வார்கள். அதைப் படித்துவிட்டுப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை அல்ல, படம் இருக்கும் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக நிரப்ப வேண்டும். துபாய்க்குப் போக நினைப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்: ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டில் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது.

மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், ஒவ்வொருவரும் இணையத்தில் வருகைப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் சில தனியார் தளங்கள் இதற்குக் கட்டணம் கேட்கும். பணம் கேட்கிற பக்கம் அரசுப் பக்கம் அல்ல என்று அறிந்து வெளியேறிவிடுங்கள். குடிவரவுக் கவுண்டரில் வளர்ந்த பிள்ளைகளைத் தனித்தனியாகத்தான் அழைப்பார்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்று மகன் பின்னால் திரும்பிக் கைகாட்டக் கூடாது. திரும்பும் சீட்டு, தங்குமிட முன்பதிவு, முகவரி ஆகியவை நால்வரின் கைப்பேசியிலும், அச்சிட்ட தாளாக ஒருவரின் பையிலும் இருக்கட்டும்.

விமானச் சீட்டு

நால்வருக்கும் ஒன்றாகத் தேடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. குறைந்த விலையில் இரண்டு இருக்கைகளே மீதமிருந்தால், பல தளங்கள் நான்கு இருக்கைகளையும் அடுத்த விலைக்குத் தூக்கிக் காட்டிவிடும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து, விலை குறைவாக இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பதிவு செய்துகொள்ளலாம். பண்டிகை இல்லாத மாதங்களில் இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால், கோலாலம்பூருக்குப் போய்வர ஒருவருக்குப் பெரும்பாலும் 12,000 முதல் 18,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அந்த விலையில் பெட்டி சேராது. ஏழு கிலோ கைப்பை மட்டும்தான். நான்கு நாளுக்கு ஆளுக்கொரு ஏழு கிலோ பையும், நால்வருக்கும் பொதுவாக இருபது கிலோ பெட்டி ஒன்றும் தாராளம். அந்தப் பெட்டியைச் சீட்டு எடுக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். விமான நிலையத்தில் எடைபோட்டுக் கட்டும் தொகை பல மடங்கு. அருகருகே உட்காரும் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். இருபத்து மூன்று வயது மகள் பத்தாவது வரிசையிலும் அப்பா இருபதாவது வரிசையிலும் உட்கார்ந்தால் எந்தக் குறையும் இல்லை, இருவருமே தூங்கத்தான் போகிறார்கள். ஊறுகாய், பொடி வகைகளைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் மட்டும் கட்டாயமாகக் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கோலாலம்பூர் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டியே கிளம்புகின்றன. 12ஆம் தேதி 00.20 என்று சீட்டில் இருந்தால், 11ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் தேதியைப் போடாமல், "வியாழக்கிழமை இராத்திரி எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறோம்" என்று கிழமையையும் நேரத்தையும் எழுதிவிட்டால் குழப்பம் தீரும். போகும்போது மெட்ரோவில் விமான நிலையம் வரை போய்விடலாம். திரும்பும் இரவில் அதை நம்ப முடியாது.

பெங்களூரிலோ ஐதராபாத்திலோ வேலை பார்க்கும் பிள்ளை முதலில் சென்னைக்கு வந்துதான் சேர்ந்து போக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். அங்கிருந்தே நேரடி விமானம் இருந்தால் அதில் ஏறிக் கோலாலம்பூரில் சந்திப்பது, லீவையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். அங்கே விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் இருப்பதால், யார் எதில் இறங்குகிறார்கள் என்பதை மட்டும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம்

நான்கு பெரியவர்களை ஒரே அறையில் அடைப்பது சிக்கனம் அல்ல. கூடுதல் படுக்கைக்கும் பணம் வாங்குவார்கள். ஒரு குளியலறைக்கு நால்வர் வரிசையில் நிற்பதில் காலைப் பொழுது போய்விடும். இரண்டு அறைகள் எடுப்பதைவிட, கோலாலம்பூரில் நிறையக் கிடைக்கும் இரண்டு படுக்கையறை அடுக்ககங்களில் ஒன்றை எடுப்பது பெரும்பாலும் மலிவு. அதில் கூடம், சிறு சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும். துணி துவைக்க வழியிருந்தால் பையின் எடை பாதியாகும். அம்மாவுக்குக் காலை ஐந்தரைக்குக் காபி போட அடுப்பிருந்தால் வீட்டின் அமைதி காக்கப்படும். மருமகனோ மருமகளோ உடன் வந்தால் மட்டும், கொஞ்சம் செலவானாலும் தனித்தனி ஹோட்டல் அறைகளே நல்லது.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இடம் பாருங்கள். நகரின் எல்லா ரயில் தடங்களும் ஏறக்குறைய அங்கே கூடுகின்றன. லிட்டில் இந்தியா எனப்படும் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்திலேயே இருப்பதால் இட்லிக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டியதில்லை. இணையத்தில் காட்டும் வாடகைக்கு மேல், வெளிநாட்டினருக்கு அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. இது பல இடங்களில் கவுண்டரில்தான் வசூலிக்கப்படும். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ரிங்கிட் ஒன்று இருபது ரூபாய்க்கு மேல் போகிறது.

பணம்: பொதுக் கணக்கும் தனிக் கணக்கும்

வேலைக்குப் போகும் பிள்ளை உடன் வரும்போது யார் எதற்குக் கொடுப்பது என்பதைப் பேசாமல் விடுவதுதான் பெரும்பாலான பயணங்களில் முகம் சுளிக்கக் காரணம். விமானம், தங்குமிடம், காப்பீடு மூன்றும் பெற்றோரின் பொறுப்பு. ஊருக்குள் போக்குவரத்தும் ஒரு வேளைச் சாப்பாடும் வேலை பார்க்கும் பிள்ளையின் பொறுப்பு. ஷாப்பிங்கும் நுழைவுக் கட்டணம் கூடுதலான விளையாட்டு இடங்களும் அவரவர் பணம் என்று பிரித்துக்கொள்ளலாம். விகிதம் எப்படியும் இருக்கட்டும், கிளம்பும் முன்பே சொல்லப்பட வேண்டும். மகனுக்கு வருமானம் இல்லையென்றால், கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காமல் இருப்பது அவனுக்கும் மரியாதை, உங்களுக்கும் நிம்மதி.

ரிங்கிட்டை விமான நிலையத்தில் மாற்றாதீர்கள். பாண்டி பஜாரிலும் அண்ணா சாலையிலும் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடைகள் உள்ளன. பாஸ்போர்ட், பான் அட்டை, விமானச் சீட்டு ஆகியவற்றோடு போய் இரண்டு கடைகளில் விலை கேட்டால் வித்தியாசம் தெரியும். மூன்றில் ஒரு பங்கைப் பணமாகவும் மீதியைக் கார்டிலும் வைத்துக்கொள்வது போதுமானது. சாதாரணக் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்று, மூன்றரை சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் விழும், அது குறைவாக உள்ள கார்டு யாரிடம் இருக்கிறதோ அதையே பொதுச் செலவுக்குப் பயன்படுத்துங்கள். கடையில் கார்டைத் தேய்க்கும்போது ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று இயந்திரம் கேட்டால், ரிங்கிட் என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைத்ததுதான் விலை.

நால்வராகப் போவதால் சில இடங்களில் கணக்கு தலைகீழாகும் என்பதையும் கவனிக்க வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையம் நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. விரைவு ரயிலுக்கு ஆளுக்கு 55 ரிங்கிட் வீதம் நால்வருக்கு 220 ரிங்கிட் ஆகும். கைப்பேசியில் கிராப் செயலியில் வண்டி கூப்பிட்டால், சுங்கக் கட்டணத்தோடு சேர்த்தும் பெரும்பாலும் அதில் பாதிக்குள் தங்குமிடத்தின் வாசலிலேயே இறங்கிவிடலாம். பேருந்து இன்னும் மலிவு, ஆளுக்குப் பதினைந்து ரிங்கிட் அளவில் முடியும். தனியாகப் போகிறவருக்குச் சொல்லப்படும் யோசனை குடும்பத்திற்குப் பொருந்துமா என்று ஒவ்வொரு இடத்திலும் நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

பயணக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். அறுபதைக் கடந்தவர்களுக்குப் பிரீமியம் கூடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் குறிப்பிட வேண்டும், மறைத்தால் பணம் கேட்கும்போது அதையே காரணமாக்குவார்கள். மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். மலேசியாவின் மின்செருகி மூன்று செவ்வகக் கால்கள் கொண்டது, நம்முடையது நுழையாது. அதற்கான அடாப்டரை ரிச்சி தெருவில் வாங்கினால் விமான நிலைய விலையில் சிறு பங்குதான் ஆகும்.

நாட்களை அமைப்பது

இரவு விமானத்தில் போனால், இரண்டரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்து அங்கே இறங்கும்போது காலை ஆறரை, ஏழு ஆகிவிடும். தங்குமிடத்தின் சாவியோ பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இந்த இடைவெளியைத் திட்டமிடாத குடும்பங்கள் தூக்கக் கலக்கத்தில் முதல் நாளே சண்டை போட்டுக்கொள்கின்றன. பைகளைத் தங்குமிடத்தில் ஒப்படைத்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் நிதானமாகச் சாப்பிட்டு, நிழலும் இருக்கையும் உள்ள ஓர் இடத்திற்குப் போங்கள், கே.எல்.சி.சி. பூங்கா இலவசம், பெட்ரோனாஸ் கோபுரங்கள் அங்கிருந்தே அண்ணாந்து பார்க்கக் கிடைக்கும். அன்றைய தினமே முருகன் குகைக்கோயில் இருக்கும் பத்துமலைக்குப் போக வேண்டாம். 272 படிகளைத் தூங்காத உடம்போடு ஏறுவது முழங்காலுக்குச் செய்யும் கொடுமை.

பத்துமலையை இரண்டாம் நாள் விடியற்காலைக்கு வைத்துக்கொண்டால் வெயிலும் கூட்டமும் குறைவு. கே.எல். சென்ட்ரலிலிருந்து நேரடி ரயில் உண்டு, செலவு சில ரிங்கிட்தான். 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பூவையும் பழத்தையும் கையில் வெளிப்படையாகக் கொண்டுபோனால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும். இங்கேதான் பிள்ளைகளின் குரல் எழும்: "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா, நாங்க பத்து மணிக்கு எழுந்து வந்து சேர்ந்துக்கறோம்." ஒப்புக்கொள்ளுங்கள். பெற்றோர் கோயிலுக்கும், பிள்ளைகள் அவரவர் விருப்பத்திற்கும் போய், மதியம் ஒரே மேசையில் கூடுவது என்று தினமும் ஒரு வேளையை மட்டும் கட்டாயமாக்கினால் போதும். இதற்காகவே நால்வருக்கும் தனித்தனி சிம் அல்லது ரோமிங் வேண்டும். ஒருவரின் இணையத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு, பிரிந்த அடுத்த நிமிடமே பயனற்றுப் போகும்.

மூன்றாம் நாளை முழுவதுமாகப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடலாம். திட்டமும் வண்டியும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கேளிக்கைப் பூங்கா உள்ள கெண்டிங் மலைக்கோ, பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள மலாக்காவுக்கோ கூட்டிப்போகட்டும். மலாக்கா, பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பழைய துறைமுக நகரம். பினாங்கையும் இதே பயணத்தில் நுழைக்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். நான்கு நாளில் இரண்டு ஊர்களில் தங்குவது என்றால், அரை நாள் பெட்டி கட்டுவதிலும் அரை நாள் ரயிலிலும் போகும். அன்று இரவு ஜாலான் அலோர் உணவு வீதிக்குப் பிள்ளைகள் மட்டும் போக விரும்பினால், திரும்பும் நேரத்தை ஒருமுறை கேட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். அவர்கள் டுரியான் பழம் வாங்கினால் தெருவிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும். பெரும்பாலான ஹோட்டல்களில் அதை உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை, மீறினால் அபராதம் உண்டு.

கடைசி நாள் காலையில் அறையைக் காலி செய்துவிட்டு, பைகளை அங்கேயே விட்டு, மஸ்ஜித் இந்தியா பக்கம் கடைகளையும், 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு, மாலை விமானத்திற்கு மூன்றரை மணி நேரம் முன்பாகவே கிளம்பிவிடுங்கள். மாலை நேரச் சாலை நெரிசல் சென்னைக்குச் சளைத்தது அல்ல.

இத்தனையையும் ஏஜென்சியிடமே பேக்கேஜாக விட்டுவிட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்ற வரியைச் சேர்த்து வசூலிப்பார்கள். அது யாருடைய பான் எண்ணில் கட்டப்படுகிறதோ, அவருடைய வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்படும். ஓய்வுபெற்று வரி கட்ட வேண்டிய நிலையில் இல்லாத அப்பாவின் பெயரில் பதிந்தால், அந்தப் பணத்தைத் திரும்பப் பெறவே அவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். சம்பளத்தில் ஏற்கெனவே வரி பிடித்தம் செய்யப்படும் மகளின் பெயரில் பதிந்து, பணத்தை அவளிடம் கொடுத்துவிட்டால், ஆண்டு முடிவில் அவள் கட்ட வேண்டிய வரியில் அது கழிந்துவிடும்.